தவிட்டுக்கு வந்த பேர்

எனக்குப் பேர்கள் அலுத்துப்போய்விட்டன. முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர் நான். காலையில் மணி அடித்ததும் முதல் வேலை பேர் கூப்பிடுவது. மூக்கு ஒழுகுகிறவன், சாக்ஸைக் கழற்றி எறிந்தவள், அம்மா வேண்டும் என்று அழுகிறவன் எல்லோரும் தங்கள் பேர் வரும்போது மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து 'பிரசன்ட் மிஸ்' என்பார்கள். பிறகு மறுபடியும் அழுகை. நாள் முழுக்கக் கத்திவிட்டு, முழங்கால் வலியோடு ஹவுசிங் போர்டு படி ஏறி வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே யாராவது நிற்பார்கள். "டீச்சர், எங்க தம்பிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. 'தி'யில ஆரம்பிக்கிற மாதிரி நல்லதா ஒரு பேர் சொல்லுங்களேன்." செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பையன்கள் எல்லோரும் 'ஷ்' என்று முடிந்தார்கள். தினேஷ், கணேஷ், ராஜேஷ், சந்தோஷ். கூப்பிட்டு முடிப்பதற்குள் வகுப்பில் குக்கர் வைத்த மாதிரி இருக்கும். அவர்களுடைய அப்பாக்கள் ஏழுமலை, தணிகாசலம், முனுசாமி. தாத்தாக்களை விசாரித்தால் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி. பிறகு 'ஸ்ரீ' வந்தது. எந்தப் பெண் குழந்தையானாலும் வாலில் ஒரு ஸ்ரீ. அதற்குப் பிறகு எண் கணிதக்காரர்கள் புகுந்து, ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'ஏ', நடுவில் ஒரு 'எச்' என்று சேர்த்துவிட்டார்கள். நாலு வயதுக் குழந்தை தன் பேரை எழுதி முடிப்பதற்குள் லஞ்ச் பெல் அடித்துவிடும். அப்புறம் தமிழ்ப் பேர் வந்தது. சந்தோஷம்தான், ஆனால் ஒரே பெஞ்சில் மூன்று யாழினி உட்கார்ந்தார்கள். இந்த வருடம் பழசு திரும்பி வந்திருக்கிறது. என் வகுப்பில் ஒரு வள்ளியம்மை இருக்கிறாள். "ஓல்டு நேம்தான் மிஸ் இப்ப டிரெண்டு" என்றாள் அவள் அம்மா. அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் என்னோடு படித்தவள் பட்ட கேலியெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

அர்த்தம் என்ன, அர்த்தம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாதிப் பேர்களுக்கு அர்த்தம், அந்த வீட்டில் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான். ஏழுமலை என்றால் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவன். பிச்சை என்றால் சாமியிடம் மடியேந்தி வாங்கியவன். வேண்டா, போதும்பொண்ணு என்று பேர் வைத்தார்கள் என்றால் அது அந்தக் குழந்தைக்குச் சொன்னதே இல்லை. அடுத்ததாவது பையனாகக் கொடு என்று மேலே பார்த்துச் சொன்னது. அந்தச் சங்கதியை அந்தப் பெண் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்த வீடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால், பெற்றவளே தன் பிள்ளையை 'பெரியவரே, சாப்பிட வாங்க' என்றுதான் கூப்பிடுவாள். மண் தின்றதற்கு முதுகில் ஒன்று வைக்கும்போதும் பெரியவர்தான்.

இப்படி ஊருக்கெல்லாம் பேர் வைத்தவள் வீட்டில்தான் ஒரு குழந்தை மூன்று மாதமாகியும் பேரில்லாமல் கிடந்தது. என் மகளுடைய குழந்தை.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகளும் மாப்பிள்ளையும் ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தார்கள். முதல் முறை அவள் கர்ப்பமானபோது, ஏழாம் மாதம் முடிவதற்குள்ளேயே இரண்டு பேர்களை முடிவு செய்துவைத்துக்கொண்டார்கள். பையனானால் இது, பெண்ணானால் அது. இரண்டும் ஜோடியாக, ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற மாதிரி. வயிற்றில் கை வைத்து அந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், எதற்கு உதைக்கிறது என்று. பையன் பிறந்தான். நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம் இருந்தான். பிறகு இல்லை.

அவன் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

போனதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பிறக்கும் முன்னாலேயே பேர் வைத்துக் கூப்பிட்டீர்கள், அதுதான் எமன் காதில் விழுந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிற பேச்சு இது. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: இனிமேல் அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்காதீர்கள், அவள் மறக்கட்டும். அதை நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். நானும்தான். 'முதல் தடவை', 'அப்போ', 'அந்தச் சமயத்தில்' என்று எப்படியெப்படியோ சுற்றி வளைத்துப் பேசப் பழகிக்கொண்டோம்.

இரண்டு வருடம் கழித்து இந்தப் பெண் பிறந்தாள். நிறைமாதம், நல்ல எடை, ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கிற அழுகை. பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்த மகள் இங்கேயே இருந்தாள். பதிவில் 'பெண் குழந்தை' என்று போட்டுக்கொண்டு, பேரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. தொட்டில் போட்ட அன்றும் பேர் வைக்கவில்லை. 'பாப்பா' என்றுதான் என் மகள் கூப்பிட்டாள். தெருவில் போகிற எந்தக் குழந்தையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், ராத்திரி முழுக்க விழித்திருந்தாள், எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் குழந்தையைத் தனக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளாமல் யாருக்காகவோ பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. ஸ்கூலில் முப்பது குழந்தைகளின் பேரைக் கத்திவிட்டு வந்து, வீட்டில் பேர் இல்லாத ஒரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். என்ன சொல்லிக் கொஞ்சுவது என்று தெரியாது.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. போனில் ஒரு ஆப் இறக்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"அத்தை, பழைய பேர்னு தனியாவே போட்டிருக்கான் பாருங்க. அஞ்சலை நல்லாருக்கா? அஞ்சாதவள்னு அர்த்தமாம்."

"யார் சொன்னது?"

"ஆப்ல இருக்கு அத்தை."

அந்த ஆப்பில் எந்தப் பேரை அமுக்கினாலும் கடைசியில் 'அழகானவள், மகாலட்சுமியின் மறுபெயர்' என்றுதான் வரும். பச்சையம்மாளுக்கும் அதுவே, கன்னியம்மாளுக்கும் அதுவே. மகாலட்சுமிக்கே தனக்கு இத்தனை பேர் இருப்பது தெரியாது. அவர் ஒவ்வொன்றாகப் படிப்பார். என் மகள் 'ம்' என்பாள். ஒரு நாள் மட்டும், தெரியாமலோ தெரிந்தோ, முதல் தடவை ஜோடியாக யோசித்து வைத்திருந்த அந்தப் பெண் பேரையே வைத்தால் என்ன என்று கேட்டுவிட்டார். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மனிதர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எனக்கு அவர்மீது கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எல்லோரும் நினைத்தது ஒன்றுதான்: அவள் பயப்படுகிறாள். பேர் வைத்தால் இதுவும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்து தெரிந்தவர் என் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் அம்மா.

சம்பந்தியம்மா பூந்தமல்லிக்குப் பக்கத்து ஊர். சின்ன வயதில் நாற்று நட்டவர், இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டுதான். அவர் பேர் குப்பையில் பிறந்த பேர். அவருக்கு முன்னால் பிறந்த நாலும் நிற்காததால், ஐந்தாவதாக இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து, அதையே பேராகவும் வைத்துவிட்டார்கள். எமன் வந்து பார்த்தால் குப்பை என்று விட்டுவிட்டுப் போய்விடுவானாம். கேன்டீனில் புதிதாக வந்த பெண்கள் அந்தப் பேரைக் கேட்டுச் சிரித்தால், "சிரிக்காத. அந்தப் பேராலதான் உனுக்கு இன்னிக்கு சோறு போட நான் உசுரோட கீறேன்" என்பாராம்.

"தவிட்டுக்கு வித்துரலாம் சம்பந்தி" என்றார் ஒரு நாள் போனில். "புள்ள நம்மள்து இல்லன்னு ஆயிடணும். மூணு புள்ளைங்களும் நல்லாகீற ஒரு பொம்பள தவிடு குட்த்து வாங்கிக்கணும். அவளே பேர் வெக்கணும். அப்பால நம்ம வளத்துக் குடுக்கறோம்னு வாங்கியாந்துரணும். அவ வெச்ச பேர்தான் பேரு. மாத்தக்கூடாது."

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று எங்கள் வீட்டில் என்னைக்கூடச் சீண்டுவார்கள், அண்ணனுக்கு முட்டை வைத்து எனக்கு வைக்காத நாளில் எல்லாம். அது நிஜமாகவே நடந்த வழக்கம் என்று தெரியும். இந்தக் காலத்தில், நாலு மாடிக் குடியிருப்பில் செய்வதா என்று எனக்கு ஒரே சலிப்பு. ஆனால் மகளிடம் கேட்டபோது, "சரிம்மா, செய்யுங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை என்று தோன்றியது. எனக்கும் தெம்பு இல்லை. பத்து நிமிட விளையாட்டு, முடித்துவிட்டு ஏதாவது ஒரு பேரை வைத்துத் தொலைக்கலாம் என்று நினைத்தேன்.

அடுத்த பஞ்சாயத்து தவிடு. மாப்பிள்ளை போனில் ஆர்டர் போட்டார். ஓட்ஸ் தவிடு என்று பளபளவென்று ஒரு பாக்கெட் வந்தது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று மேலே போட்டிருந்தது. சம்பந்தியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் நைனா, எமன் இன்னா டயட்ல கீறானா?" என்றார். பிறகு அவரே பூந்தமல்லியில் மாட்டுத் தீவனக் கடையில் நல்ல நெல் தவிடாக வாங்கி, துணிப்பையில் கட்டி, மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட ரோட்டில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வர, தலையெல்லாம் மண்ணோடு வந்து சேர்ந்தார். குப்பைமேடும் வேண்டும் என்றார். எங்கள் தெருமுனைத் தொட்டியில் உடைந்த டியூப்லைட்டும் டயப்பருமாகக் கிடக்கிறது, அதில் குழந்தையைப் படுக்கவைக்க நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன் என்றேன். "மக்கும் குப்பையாம்மா, மக்காத குப்பையா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கடைசியில் காம்பவுண்டு வேப்பமரத்தடியில் கூட்டிய சருகை முறத்தில் பரப்பி, மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது என்று சமாதானமாயிற்று.

வாங்குவதற்கு ஆள், கீழ்வீட்டு மாவுக்கார அக்கா. இந்தப் பொங்கலுக்குத்தான் எங்கள் பிளாக்குக்குக் குடிவந்தவர். இட்லி மாவு அரைத்து விற்கிறார். மூன்று பிள்ளைகள், மூன்றும் நன்றாக இருக்கின்றன. சம்பந்தியம்மாவே இறங்கிப் போய்ப் பேசினார். தவிட்டை முன்கூட்டியே கொடுத்தார். என்ன பேர் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்: தன் பேரையே. ஜாதகத்தில் ஏதோ தோஷம், அதற்காகத்தான் என்று சொன்னவர், முதல் பிள்ளை போனதை மட்டும் சொல்லவில்லை. பேச்சை எடுக்கவே கூடாது என்று எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அவ்வளவு பழகிப்போயிருந்தது. நாங்கள் சொல்லாவிட்டால் புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ்வீட்டு வாசலில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் முறத்தில் குழந்தையைப் படுக்கவைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை சமர்த்தாக விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மாவுக்கார அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அயனம்பாக்கம் பக்கம் அவருடைய அப்பா எருமை வைத்துப் பால் கறந்தவர்; இவர் அந்த மாட்டு வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்தவர். விற்பது வாங்குவது என்றதும் அவருக்கு அந்தப் பேச்சுத்தான் வாயில் வந்தது. கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்றும் நினைத்திருப்பார்.

"இன்னாம்மா, இவ்ளோ சோக்கா கீது கன்னுக்குட்டி, இத்தப் போயி விக்க வந்துகிற? பல்லு முளைச்சிகீதா, காட்டு."

என் மகள் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"சரி, எத்தினியாவது ஈத்து?" மாடு வாங்குகிறவர்கள் எத்தனையாவது கன்று என்று கேட்கிற கேள்வி அது.

சம்பந்தியம்மா சட்டென்று, "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ, தவிட்டக் குடு" என்றார்.

"இருங்க பெரிம்மா, கேக்காம யாரு வாங்குவா?" என்றார் அக்கா. "நீ சொல்லும்மா."

"ரெண்டாவது" என்றாள் என் மகள்.

எனக்குத் திக்கென்றது. இந்த மூன்று மாதமும் யார் கேட்டாலும் 'முதல் குழந்தை' என்றுதான் நாங்கள் சொல்லிவந்தோம். அவள் எதிரிலேயே சொன்னோம். அவளும் சும்மா இருந்தாள்.

"மொதல்ல இன்னா, பொண்ணா பையனா?"

"பையன்."

"இன்னா பேரு?"

சம்பந்தியம்மா பின்னாலிருந்து தலையை ஆட்டினார். நான் கையை ஆட்டினேன். மாப்பிள்ளை படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா எங்களைப் பார்க்கவில்லை. வியாபாரம் பேசும்போது விற்கிறவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று பழகியவர்.

என் மகள் சொன்னாள். முழுப் பேரையும் இனிஷியலோடு சொன்னாள். என் வகுப்புக் குழந்தைகள் புதிதாக யாராவது கேட்டால் சொல்கிற மாதிரி, நிறுத்தி, தெளிவாக.

"நல்லா கீதே பேரு. அவன் எங்க? அவனையும் இட்டாந்திருக்கலாமில்ல, தங்கச்சிய விக்கறதப் பாக்க?"

"இல்லக்கா. அவன் செத்துட்டான். ஒரு வாரம் இருந்தான்."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலையில் படாரென்று அடித்துக்கொண்டார். "அய்யோ, எனுக்கு ஒர்த்தருமே சொல்லலியே! இன்னா பெரிம்மா நீ, ஆயிரம் சொன்ன, இத்த சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு மாட்டக் கேக்கற மாதிரி கேட்டுகினு நிக்கிறேன்." அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்பு எங்களுடையது. அவர் எங்களைத் திட்டியது முழுக்க நியாயம்தான்.

சம்பந்தியம்மாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவால்ல. பேரச் சொல்லிடும்மா" என்றார், ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்.

அக்கா தவிட்டை என் மகளின் முந்தானையில் கொட்டினார். குழந்தையைச் சருகோடு முறத்தோடு வாங்கிக்கொண்டார். சொல்லிக் கொடுத்த பேரைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார்.

"எனுக்கு அந்தப் பேரு வாய்ல வர்ல பெரிம்மா, கோச்சிக்காத. மூத்தது ஒண்ணு இருந்துகீது. அப்போ இது சின்னது. சின்னப்பொண்ணுன்னே கூப்புடு." பிறகு முறத்தை நீட்டினார். "இந்தா, இது என் பொண்ணு. பத்திரமா வளத்துக் குடு."

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு சின்னப்பொண்ணு, சின்னசாமி, சின்னத்தம்பி இருந்தார்கள். கேட்டால் யாரும் அர்த்தம் தேட மாட்டார்கள், சாதாரணமான பேர். ஆனால் அந்தப் பேரைத் தனியாக வைக்க முடியாது. முன்னால் ஒருத்தர் இருந்தால்தான் பின்னால் ஒரு சின்னது. இத்தனை வருடம் பேர்களோடு மாரடித்த எனக்கு அது அந்த வாசலில்தான் உறைத்தது.

என் மகள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "சின்னப்பொண்ணு" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், அப்படி ஒரு அழுகை. இரண்டு வருடமாக அவள் அழாமல் இருந்தது எங்களுக்காக என்று அப்போதுதான் புரிந்தது. மாப்பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதார். முந்தானையிலிருந்த தவிடு படியெல்லாம் கொட்டியது.

சம்பந்தியம்மா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தன் பேரை ஒதுக்கிவிட்டார்களே என்று சண்டை போடுவார் என்று நான் பயந்தேன். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனுக்கு முன்னாடி நாலு போச்சு சம்பந்தி. நாலுத்துக்கும் எங்கம்மா பேர் வெச்சிருந்துச்சா இல்லியான்னே எனுக்குத் தெரியாது. ஒரு நாளும் நான் கேட்டதில்ல. இப்போ கேக்க ஆளும் இல்ல." நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேலே வந்து குழந்தையைத் தூங்கவைத்த பிறகு மகள் என்னிடம் பேசினாள். "எனக்குப் பயமெல்லாம் இல்லம்மா. நீங்க எல்லாரும் பயம்னே நினைச்சுக்கிட்டீங்க. இவளுக்கு ஒரு நல்ல பேர் வெச்சு, எல்லாரும் சந்தோஷமா அதையே கூப்பிட ஆரம்பிச்சுட்டா, அவனுக்குன்னு ஒரு பேர் இருந்ததே எல்லாருக்கும் மறந்துடும். ஏற்கெனவே யாரும் சொல்றதில்ல. நான் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு, எனக்குள்ளயே சொல்லிப் பார்த்துப்பேன், மறந்துடக்கூடாதேன்னு." அவளை மறக்கவைப்பதாக நினைத்து நாங்கள் செய்துவந்த காரியம் இதுதான். எனக்கு அப்படியொரு அசதி வந்தது, எலும்புக்குள்ளிருந்து வந்த மாதிரி. அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

பேரைப் பதிவில் சேர்த்தாயிற்று. மாப்பிள்ளை ஆசையாக அதை ஆப்பில் தேடினார். அப்படியொரு பேரே அதில் இல்லை. என் ஸ்கூலில் சக டீச்சர்கள், "நீங்களா இந்தப் பேரை வெச்சீங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்கள். கீழ்வீட்டுக்காரங்க வைத்தது என்று சொல்லிவிடுகிறேன். விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. கீழே போனால் மாவுக்கார அக்கா, "என் பொண்ணு எப்டி கீறா?" என்று உரிமையோடு கேட்கிறார். ஒரு கவர் மாவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார். அது பெரிய தொல்லை.

சம்பந்தியம்மா தினமும் கேன்டீன் வேலை முடிந்ததும் போன் போடுவார். நேற்றும் போட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு பால் குடிச்சாளா, குப்புற விழுந்தாளா என்று எல்லாம் விசாரித்தார். அப்புறமும் போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏம்மா, பெரியவன் பேர இன்னொரு வாட்டி சொல்லேன். புதுமாதிரிப் பேரா கீதா, எனுக்கு நாக்குல நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

மகள் துணியைக் கீழே வைத்துவிட்டு, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா அதைத் தப்பாகச் சொன்னார். இவள் திருத்தினாள். மறுபடியும் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கினார். மறுபடியும் திருத்தினாள், கொஞ்சமும் அலுக்காமல். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் சரியாகச் சொல்லி முடிக்கிறவரைக்கும் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.